அம்மாவுக்கு 24 மணி நேர ஹோல்டர் எழுதியிருக்காங்க: எப்படித் தயாராகறது, ரிப்போர்ட்ல என்ன பார்க்கறது?

பாலக்கோட்டான்

அம்மாவுக்கு வயசு 58. கொஞ்ச நாளா திடீர்னு தலை கிறுகிறுக்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சிட்டு ஒரு நிமிஷத்துல அடங்கிடுது. ஈசிஜி, எக்கோ ரெண்டுமே நார்மல். தருமபுரியில பார்த்த டாக்டர் ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க உடம்புல மாட்டிக்கிட்டு இதயத் துடிப்பைப் பதிவு பண்ற சின்னப் பெட்டி) எழுதிக் கொடுத்திருக்கார், வியாழக்கிழமை மாட்டணும். வீட்டுல பட்டுப்புழு இருக்கு, மல்பெரி தழை அறுத்துப் போடறது அம்மாதான். அன்னிக்கு வேலை செய்யலாமா, படுத்தே இருக்கணுமா? ஷாக் அடிக்குமோன்னு பயப்படறாங்க. ஈசிஜியே நார்மல்னா இது எதுக்கு? இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருந்தா இதுல தெரிஞ்சிடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈசிஜி ரூம்

ஷாக் பயமே வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. இந்த மெஷின் உடம்புக்குள்ள எதையும் அனுப்பறதில்ல. இதயம் ஒவ்வொரு தடவை சுருங்கறதுக்கு முன்னாடியும் அதுக்குள்ள ஒரு மின் அலை ஓடும். தோல் மேல வந்து சேரும்போது அது ஒரு மில்லிவோல்ட் அளவுதான். ஸ்டிக்கர் அதை வாங்கி வயர் வழியா பெட்டிக்கு அனுப்பும், பெட்டி எழுதி வெச்சுக்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது. மாட்டறதுக்கு இருபது நிமிஷம் போதும்.

அந்த இருபது நிமிஷத்துல முக்கால்வாசி தோலைத் தயார் பண்றதுக்குத்தான் போகும், போகணும். ஸ்டிக்கர் ஒட்டற இடத்துல முடி இருந்தா மழிப்பாங்க. ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு நல்லா காய விடுவாங்க. அப்புறம் சொரசொரப்பான பட்டையாலயோ காஸ் துணியாலயோ லேசா சிவக்கிற அளவுக்குத் தேய்ப்பாங்க. மேல் தோல்ல இருக்கிற செத்த செல் மின்சாரத்தைத் தடுக்கும். தேய்க்காம ஒட்டினா முதல் ரெண்டு மணி நேரம் கோடு அழகா இருக்கும், வேர்க்க ஆரம்பிச்சதும் நடுங்க ஆரம்பிச்சிடும். தேய்க்காம ஒட்ட வந்தா "கொஞ்சம் தேய்ச்சு ஒட்டுங்க"ன்னு தயங்காம கேளுங்க.

ஸ்டிக்கர் 5 அல்லது 7 இருக்கும். 12 லீட் (12 கோணத்துல பதியற) ஹோல்டர்னா 10. சதை மேல ஒட்ட மாட்டோம். மார்பெலும்பு, விலா எலும்பு, காறை எலும்புக்குக் கீழேன்னு எலும்பு இருக்கிற இடமா பார்த்துத்தான் ஒட்டுவோம். சதை அசைஞ்சா அதோட மின்சாரமும் சேர்ந்து பதிவாகும். ஒவ்வொரு வயரையும் ஸ்டிக்கருக்குப் பக்கத்துலயே சின்ன வளையமா மடிச்சு பிளாஸ்திரி போடணும். வயர் எங்கயாவது மாட்டி இழுபட்டா வளையம்தான் விரியும், ஸ்டிக்கர் பிடுங்காது.

வீட்டுல செய்ய வேண்டியது: வியாழக்கிழமை காலையில சோப்புப் போட்டு நல்லா குளிச்சிட்டு வரச் சொல்லுங்க. குளிச்ச பிறகு மார்புல தேங்காய் எண்ணெய், பவுடர், மஞ்சள், சந்தனம் எதுவும் கூடாது. மஞ்சள் பூசற பழக்கம் இருந்தா முந்தின நாளே நிறுத்திடுங்க, அது மேல கோந்து பிடிக்கவே பிடிக்காது.

அரூர் எம்டி

ஈசிஜி நார்மல், பிறகு ஏன் ஹோல்டர் என்பது நல்ல கேள்வி. சாதாரண ஈசிஜி பிடிப்பது சுமார் 10 நொடி. ஒரு நாளில் அப்படிப்பட்ட 10 நொடிகள் 8,640 உண்டு. உங்கள் அம்மாவுக்குப் படபடப்பு ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. கிளினிக்கில் படுத்திருந்த அந்த 10 நொடியில் அது வந்திருந்தால்தான் ஈசிஜியில் தெரியும். வராத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பதில் வியப்பில்லை.

எக்கோ பார்ப்பது இதயத்தின் வடிவத்தையும் வால்வையும் பம்பிங்கையும். ஹோல்டர் பார்ப்பது தாளத்தை: துடிப்பு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு வேகம், எங்காவது நின்று போகிறதா, இடையில் வேறு இடத்திலிருந்து துடிப்பு கிளம்புகிறதா.

அடைப்பு பார்க்க ஹோல்டர் சரியான பரிசோதனை அல்ல. சில ரிப்போர்ட்டில் "எஸ்டி மாற்றம்" (ஈசிஜி கோட்டின் ஒரு பகுதி மேலோ கீழோ நகர்வது) என்று வரும். ஒருக்களித்துப் படுத்தாலே, ஆழ்ந்து மூச்சு விட்டாலே அந்தக் கோடு இடம் மாறும். அதை மட்டும் வைத்து அடைப்பு என்று யாரும் முடிவு செய்வதில்லை. அந்தச் சந்தேகம் இருந்தால் டிரெட்மில், தேவைப்பட்டால் ஆஞ்சியோ. அதேபோல ஹோல்டர் நார்மல் என்பது அடைப்பு இல்லை என்பதற்கான சான்றும் ஆகாது. இந்த இரண்டாவது வரியை நம் பக்கத்தில் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

காவேரிப்பட்டணம்

படபடப்பு இருக்கிறவங்களை வேலை செய்ய விடறது சரியாங்க? மெஷின் மாட்டின அன்னிக்காவது கட்டில்ல படுக்க வெச்சா ரிப்போர்ட் சுத்தமா வருமே.

அரூர் எம்டி

சுத்தமாக வரும், ஆனால் பயன்படாது. கோடு அழகாக இருப்பது நோக்கம் அல்ல. தொந்தரவு வரும் நேரத்தைப் பிடிப்பதுதான் நோக்கம். தழை அறுக்கக் குனிந்து நிமிரும்போது கிறுகிறுக்கிறதா, மேடு ஏறும்போது படபடக்கிறதா, சாப்பிட்டதும் வருகிறதா? எப்போது வருமோ அந்த வேலையை அன்றும் செய்தாக வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் ஒரு நாள் முழுக்க ஓய்வுத் துடிப்பு மட்டும் கிடைக்கும். அதைத்தான் ஈசிஜி ஏற்கெனவே சொல்லிவிட்டதே.

இதில் ஒரு விலக்கு உண்டு. மயங்கி விழுந்தவர்கள் கிணற்றடிக்கோ மரத்துக்கோ அடுப்பருகிலோ தனியாகப் போகக் கூடாது, வண்டி ஓட்டவும் கூடாது. அது மெஷினுக்காக அல்ல, அவர்கள் உயிருக்காக.

வார்டு சிஸ்டர்

பெண்களுக்கு யாரும் சொல்லாத சில விஷயம் இருக்கு, நான் சொல்றேன்.

முன்னாடி கொக்கி வெச்ச, கொஞ்சம் தொளதொளன்னு இருக்கிற ரவிக்கை போட்டுட்டு வரச் சொல்லுங்க. மாட்டின பிறகு மறுநாள் வரைக்கும் அதை மாத்தாம இருந்தா நல்லது. தலை வழியா மாட்டற நைட்டி வேண்டாம், கழட்டும்போது வயரும் சேர்ந்து வந்துடும். தாலிக்கொடியைக் கழட்டச் சொல்ல மாட்டாங்க. ஆனா அது நெஞ்செலும்பு மேல ஒட்டின ஸ்டிக்கர்ல உரசிக்கிட்டே இருந்தா கோட்டுல முள்ளு முள்ளா வரும். ஒரு பக்கமா ஒதுக்கி ரவிக்கையோட ஊக்கு குத்திடலாம், இல்லேன்னா முதுகுப் பக்கம் போட்டுக்கலாம். பெட்டியை இடுப்புல பையோட கட்டி விடுவாங்க. குடம் வைக்கிற பக்கம் இல்லாம மறு பக்கம் கட்டச் சொல்லுங்க.

போனை ரவிக்கைக்குள்ள வைக்கிற பழக்கம் இருந்தா அன்னிக்கு கண்டிப்பா கூடாது. பேசலாம், தப்பில்ல, பெட்டியில இருந்து ஒரு சாண் தள்ளி வெச்சுக்கிட்டா போதும்.

குளியல் கிடையாது. கை கால் கழுவி, ஈரத்துணியால கழுத்தையும் வயித்தையும் துடைச்சுக்கலாம். வேர்வை வந்தா தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். சித்திரை வைகாசி வெயில்ல மாட்டறவங்க வெயில் வேலையை காலை எட்டு மணிக்குள்ளயும் சாயங்காலமும் வெச்சுக்கிட்டா ஸ்டிக்கர் நிக்கும்.

ராத்திரி எப்பவும் போல தூங்கலாம், ஒருக்களிச்சும் படுக்கலாம். குப்புற மட்டும் படுக்க வேண்டாம். பெட்டியைத் தலையணைப் பக்கத்துல வைக்கிற அளவுக்கு வயர் நீளம் இருக்கும்.

பாலக்கோட்டான்

ரொம்ப நன்றி அக்கா. டைரின்னு ஒரு தாள் கொடுப்பாங்களாமே, அதுல என்ன எழுதணும்? அம்மாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராது.

வார்டு சிஸ்டர்

இந்தப் பரிசோதனையோட பாதி உயிர் அந்தத் தாள்லதான் இருக்கு. அம்மா சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. நீங்க வீட்டுல இல்லேன்னா, கிறுகிறுப்பு வந்ததும் பெட்டியில இருக்கிற பட்டனை ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்க, உங்களுக்கு உடனே போன் பண்ணச் சொல்லுங்க. நீங்க நேரத்தைக் குறிச்சு வெச்சிடலாம்.

மூணு விஷயம் போதும்: மணி, என்ன செஞ்சிட்டிருந்தாங்க, என்ன மாதிரி இருந்தது. "10:40, தழைக்கட்டு தூக்கினப்போ, கண்ணு இருட்டிச்சு, அரை நிமிஷம்." இப்படி. "காலையில லேசா ஒரு மாதிரி இருந்தது"ன்னு எழுதினா எந்த மூணு மணி நேரத்தை எடுத்துப் பார்க்கறது? தொந்தரவு இல்லேன்னாலும் தூங்கப் போன நேரம், எழுந்த நேரம், மாத்திரை போட்ட நேரம், நடந்தது, படி ஏறினது, வாக்குவாதம், அழுகை எல்லாம் எழுதலாம். வீட்டுல சண்டை வந்ததை எழுதக் கூச்சப்பட்டு விட்டுடறாங்க. அந்த நேரத்துல துடிப்பு 140-க்குப் போயிருந்தா டாக்டர் வேற எதையோ தேடிக்கிட்டு இருப்பார்.

ஓசூர் பயோமெடிக்கல்

டைரிக்கு எந்தக் கடிகாரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் பெட்டியின் திரையில் ஓடும் நேரமும் உங்கள் போன் நேரமும் ஒன்றா என்று பாருங்கள். ஐந்து நிமிட வித்தியாசம் இருந்தாலே டைரியும் பதிவும் ஒட்டாது. காலை, மாலை மாறிப் பதிவாகியிருந்தால் இன்னும் மோசம்: தூக்கத்தில் துடிப்பு 45-க்கு இறங்குவது இயல்பு, ஆனால் அது ரிப்போர்ட்டில் பகல் மூன்று மணி என்று வந்து வீண் பயத்தைக் கிளப்பும்.

பெட்டியின் வேலை எளிது. வயர்களிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெருக்கி, நொடிக்குச் சில நூறு முறை அளந்து, மெமரியில் எழுதுகிறது. அவ்வளவையும் ஒன்றிரண்டு சிறு பேட்டரியில் 24 மணி நேரம் செய்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஆல்கலைன் பேட்டரி போட வேண்டும். நேற்றைய பேட்டரியில் "இன்னும் சார்ஜ் இருக்கே" என்று ஓட்டினால் விடியற்காலை நான்கு மணியோடு பதிவு நின்றிருக்கும். (மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, எடை சுமார் 38 கிலோ. இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.)

நான் கவனிக்கச் சொல்லும் இன்னொன்று வயரின் நிறம். உலகில் இரண்டு நிற முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு வலது தோள் பக்கம். மற்றதில் அதே சிவப்பு இடது பக்கம் கீழே. கேபிளை மாற்றியவர்கள் முறையைக் கவனிக்காமல் பழக்கத்தில் மாட்டினால் அலைகள் தலைகீழாகும். நிறத்தை நம்பாமல் கேபிளில் அச்சிட்ட எழுத்தையும் அந்தக் கருவிக்கான படத்தையும் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். மாட்டியவுடன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வயர் கழன்றால் எந்த நிறம் எங்கே என்பது அந்தப் படத்தில் இருக்கும்.

கழன்றால் என்ன செய்வது? கொக்கி மட்டும் விட்டிருந்தால் திரும்ப அழுத்தி மாட்டுங்கள், நேரத்தை எழுதுங்கள். ஸ்டிக்கரே உரிந்துவிட்டால் அதையே ஒட்ட முயலாதீர்கள், ஜெல் காய்ந்திருக்கும். கிளம்பும்போதே இரண்டு ஸ்டிக்கர் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், உறை பிரிக்காததாக. இடத்தைத் துடைத்து, உலர்த்தி, அதே இடத்தில் புதியதை ஒட்டுங்கள்.

மோட்டார் ஸ்டார்ட்டரைப் போடலாம், மிக்சி ஓட்டலாம். ஸ்டார்ட்டர் பெட்டியை ஒட்டி நின்றுகொண்டே இருக்க வேண்டாம். கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கோட்டில் ஏறும். காந்தப் படுக்கை கூடாது. எக்ஸ்ரே, ஸ்கேன் எதுவும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். எம்ஆர்ஐ அறைக்குள் இந்தப் பெட்டியுடன் நுழையவே கூடாது.

பாலக்கோட்டான்

அம்மாவுக்கு பிபி மாத்திரை இருக்கு, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கறாங்க. அன்னிக்கு போடலாமா, நிறுத்தணுமா?

அரூர் எம்டி

எழுதிக் கொடுத்த டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை நிறுத்தாதீர்கள். ஆனால் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டுக் கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். "பிபி மாத்திரை" என்று வாயால் சொன்னால் போதாது. அம்லோடிபின் என்றால் ஒரு கதை, அட்டெனலால் அல்லது மெட்டோபிரலால் என்றால் வேறு கதை. பின்னவை இரண்டும் துடிப்பைக் குறைப்பவை. அவற்றைப் போட்டுக்கொண்டிருப்பவருக்குத் துடிப்பு 48 என்று வந்தால் முதலில் மாத்திரையைத்தான் பார்க்க வேண்டும். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் இதயத் துடிப்பைக் குறைக்கும். கண்ணில் விடுவதுதானே என்று யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொல்லிவிடுங்கள்.

மாந்தோப்பு, தக்காளி, பூச்செடிக்கு மருந்து அடிப்பவர்களுக்கும் இதே போல ஒரு வார்த்தை. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் துடிப்பு குறையும், தலை சுற்றும், வேர்க்கும். ஹோல்டர் மாட்டும் நாளிலும் முந்தைய நாளிலும் மருந்து அடிக்க வேண்டாம். சமீபத்தில் அடித்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். படுத்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிபி பார்க்கச் சொல்லுங்கள். குனிந்து நிமிரும்போது கிறுகிறுப்பு என்றால் எழுந்ததும் பிபி இறங்குகிறதா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஊத்தங்கரை

இடையில கேட்கறேன், மன்னிக்கணும். என் மாமாவோட ஹோல்டர் ரிப்போர்ட் கையில இருக்கு. வயசு 52. மொத்தத் துடிப்பு 98,400, குறைஞ்சது 44, அதிகபட்சம் 186, சராசரி 69, விஇ 412, நீண்ட இடைவெளி 2.2 நொடி (அதிகாலை 3:12). "இதயம் ரெண்டு செகண்ட் நின்னுருக்கு, பேஸ்மேக்கர் வைக்கணும்"னு உறவுக்காரர் ஒருத்தர் கிளப்பி விட்டுட்டார். வீடே கலங்கிக் கிடக்கு. டாக்டரை திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

ஈசிஜி ரூம்

நிதானமா ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

98,400 இயல்பு. நிமிஷத்துக்கு 70-ன்னு வெச்சாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல வரும்.

186-ஐப் பார்த்து பயப்படறதுக்கு முன்னாடி அது எத்தனை மணின்னு பாருங்க. காலை ஆறு மணி சுமாருக்கு இருந்தா பல் துலக்கற நேரமா இருக்கலாம். கை வேகமா அசையும்போது வர்ற இரைச்சலை கம்ப்யூட்டர் துடிப்புன்னு எண்ணிடும், சில சமயம் அது ஆபத்தான வேகத்துடிப்பு மாதிரியே இருக்கும். ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கங்கள்ல அந்த நேரத்துக் கோட்டை அச்சடிச்சிருப்பாங்க. இரைச்சலுக்கு நடுவுல கூரான முனைகள் ஒரே சீரான இடைவெளியில நடந்து போனா, அதுதான் நிஜத் துடிப்பு. மத்தது குப்பை. கம்ப்யூட்டர் முதல்ல வகை பிரிக்கும், அப்புறம் ஆள் உட்கார்ந்து திருத்தணும். திருத்தாம அப்படியே அச்சடிச்ச ரிப்போர்ட்டும் வெளியில சுத்துது.

விஇ-ன்னா கீழறையில இருந்து முந்திக்கிட்டு வர்ற துடிப்பு. 412-ன்னு தனியா பார்த்தா பெரிய எண் மாதிரி தோணும். 98,400-ல அது 0.4 சதவீதம். எல்லார் இதயத்துலயும் கொஞ்சம் இருக்கறதுதான். எண்ணிக்கையை விட சதவீதம்தான் முக்கியம். அப்புறம், அது தனித்தனியா வருதா, ஜோடியா வருதா, மூணும் அதுக்கு மேலயும் தொடர்ந்து வருதான்னு பார்க்கணும்.

இடைவெளியைப் பத்தி டாக்டர் சொல்லட்டும்.

அரூர் எம்டி

அதிகாலை 3:12, ஆழ்ந்த தூக்கம். அப்போது இதயத்தை மெதுவாக்கும் நரம்பு ஓங்கி இருக்கும், துடிப்பு 44-க்கு இறங்கியதும் அதனால்தான். தூக்கத்தில் தொந்தரவில்லாமல் வந்த 2.2 நொடிக்காக மட்டும் யாரும் பேஸ்மேக்கர் வைப்பதில்லை. அந்தக் கோட்டைப் பார்க்காமல் நானும் முடிவு சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை டாக்டர் பார்ப்பார். ஸ்டிக்கர் தளர்ந்தாலும் ஒரு நேர்கோடு வரும், அதையும் கம்ப்யூட்டர் இடைவெளி என்று எண்ணும். எல்லாச் சேனலிலும் (தனித்தனியாகப் பதிவாகும் ஒவ்வொரு கோட்டிலும்) ஒரே நேரத்தில் கோடு அமைதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாமாவுக்குப் பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதாலும் இரவு இடைவெளிகள் வரும், அதற்கான சிகிச்சை வேறு.

எது கவலைக்குரியது? விழித்திருக்கும்போது வரும் நீண்ட இடைவெளி, அதே நேரத்தில் டைரியில் "கண் இருட்டியது" என்ற பதிவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. மேலறைக்கும் கீழறைக்கும் தொடர்பு அறுந்த முழு பிளாக், சில துடிப்புகள் மட்டும் திடீரென்று கீழறைக்குப் போகாமல் விடுபடும் "மோபிட்ஸ் 2" என்ற வகை பிளாக், நீடித்த கீழறை வேகத்துடிப்பு, புதிதாகத் தெரிந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது), இவை ரிப்போர்ட்டில் இருந்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். கடைசியில் சொன்னதற்கு மருந்து தராமல் விட்டால் ரத்தக்கட்டியால் பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. விஇ 10 சதவீதத்தைத் தாண்டினால் பம்பிங் குறைந்திருக்கிறதா என்று எக்கோவில் பார்ப்போம்.

பாலக்கோட்டாருக்கு ஒன்று. அம்மாவுக்குக் கிறுகிறுப்பு வந்து, அந்த நிமிடத்துக் கோடு முழுக்க நார்மலாக இருந்தால் "ஒன்றுமே தெரியவில்லை, பணம் வீண்" என்று நினைக்காதீர்கள். அந்தக் கிறுகிறுப்புக்குத் தாளம் காரணம் இல்லை என்று அடித்துச் சொல்ல முடிவது பெரிய பதில். காது, ரத்தசோகை, சர்க்கரை, பிபி பக்கம் தேடலாம். அன்று தொந்தரவே வராமல் ரிப்போர்ட் நார்மல் என்றால்தான் கேள்வி அப்படியே நிற்கிறது.

காவேரிப்பட்டணம்

அப்படி வராம போயிட்டா திரும்பவும் 24 மணி நேரமா?

அரூர் எம்டி

எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதைப் பொறுத்தது. தினமும் வந்தால் 24 மணி நேரம் போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்றால் 48 அல்லது 72. வாரம் ஒருமுறை என்றால் நெஞ்சில் ஒட்டும் பேட்ச், 7 முதல் 14 நாள். மாதக்கணக்கில் ஒருமுறை மயங்கி விழுபவருக்குத் தோலுக்கடியில் வைக்கும் சிறு லூப் ரெக்கார்டர், ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும். இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட்டால், தேன்கனிக்கோட்டை, வத்தல்மலை, சித்தேரி பக்கத்திலிருந்து வருபவர்கள் இரண்டு முறை பஸ் ஏறி மெஷின் மாட்டவும் கழற்றவும் அலைவது மிச்சமாகும்.

வார்டு சிஸ்டர்

ஒண்ணு சேர்த்துக்கறேன். மெஷின் உடம்புல இருக்கிறதால அங்க யாரோ பார்த்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைக்க வேண்டாம். சாதாரண ஹோல்டர் எழுதி மட்டும் வைக்கும், யாருக்கும் சொல்லாது. நெஞ்சுல அழுத்தற மாதிரி வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்குது, மயங்கிட்டாங்கன்னா மெஷினை மறந்துட்டு 108-க்கு போன் பண்ணுங்க. 2023-ல இருந்து இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கு: ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாட்டின். பெரிய ஆஸ்பத்திரி தூரம்னா அங்க முதல்ல காட்டலாம். வயரை அங்க அவங்களே கழட்டிடுவாங்க.

பாலக்கோட்டான்

அம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டேன், ஷாக் பயம் போயிடுச்சு. தழை அறுக்கப் போவாங்க, கூட தங்கச்சி இருப்பா. கடைசியா ஒண்ணு: மறுநாள் நாமே கழட்டிட்டு மெஷினை மட்டும் கொண்டு போய்க் கொடுக்கலாமா?

ஈசிஜி ரூம்

சென்டர்ல கேட்டுக்கோங்க, சில இடத்துல ஒத்துக்கறாங்க. அப்படின்னா 24 மணி நேரம் முடிஞ்ச பிறகு கழட்டுங்க, அரை மணி முன்னாடியே வேண்டாம். முதல்ல ஸ்டிக்கர்ல இருந்து வயர் கொக்கியைக் கழட்டுங்க, அப்புறம் ஸ்டிக்கரை உரிங்க. வயரைப் பிடிச்சு இழுத்து ஸ்டிக்கரை எடுக்காதீங்க, கேபிள் உள்ளுக்குள்ள அறுந்து அடுத்த ஆளோட பதிவு கெட்டுடும். பேட்டரியையும் மெமரி கார்டையும் தொடாம அப்படியே கொடுங்க. கோந்து போகலேன்னா இப்ப தேங்காய் எண்ணெய் தடவலாம். சிவந்து அரிச்சா ரெண்டு நாள்ல அடங்கிடும், கொப்பளிச்சா காட்டுங்க.

டைரித் தாளைக் கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ரிப்போர்ட் வாங்கும்போது முதல் பக்கத்தை மட்டும் வாங்காம, கோடு அச்சடிச்ச பக்கங்களையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க. சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பினா அங்க இருக்கிற டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பார்.